பானை ஓட்டுச் சீவல் குழப்புகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வைகைக் கரையில் கிடைத்த கருப்பு-சிவப்பு ஓடு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அதன் வளைவு தெரியும், வழவழப்பு தெரியும், சில ஓடுகளில் கீறல் குறியீடும் தெரியும். அதை எப்படிச் செய்தார்கள் என்பது மட்டும் தெரியாது. அதற்கு ஓட்டை அறுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். பாக்குச் சீவுவது போன்ற வேலை என்பதால் அந்தத் தகட்டைச் சீவல் என்றே நாங்கள் சொல்கிறோம். அதன் தடிமன் 30 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு.

மதுரையில் நிலவியல் படித்துவிட்டுப் பானை ஓட்டு ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் தவறு ஒன்றுதான். சீவலில் எது தெரிந்தாலும் அதைக் குயவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஓர் ஓட்டின் மேல் மூன்று தரப்பு வேலை செய்திருக்கிறது. முதலில் வனைந்து சுட்டவர். அடுத்தது, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் அதை வயிற்றுக்குள் வைத்திருந்த நிலம். கடைசியாக, அறுத்துத் தேய்த்த நாம். ஐயம் வந்தால் இந்த வரிசையைக் கடைசியிலிருந்து விசாரிக்க வேண்டும். நம் கையை முதலில் சந்தேகியுங்கள். அது இல்லையென்றால் நிலம். அதுவும் இல்லையென்றால்தான் குயவர்.

கீழே இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். நுண்ணோக்கியில் ஒரே ஒரு போலராய்டு (ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் தகடு) வைத்துப் பார்ப்பதை ஒற்றை ஒளி என்கிறேன். இரண்டு போலராய்டுகளையும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்துப் பார்ப்பதைக் குறுக்கு ஒளி என்கிறேன். ஓட்டின் மண்ணுக்குள் கிடக்கும் மணிகள் எல்லாவற்றுக்கும் பரல் என்பது பொதுப்பெயர்.

அறுப்பதற்கு முன்

சீவல் எடுப்பது ஓட்டை அழிக்கும் வேலை. அகழாய்வில் கிடைத்த ஓடென்றால் உரிய துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அறுக்கும் இயந்திரத்தின் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது. அனுமதி கிடைத்தபின் இருபுறமும் படம் எடுங்கள், விளிம்பின் வளைவை வரைந்துகொள்ளுங்கள், பென்சிலால் மூன்று குறிகள் இடுங்கள்: மேல்பக்கம் எது, உட்புறம் எது, எந்தத் திசையில் அறுக்கப் போகிறோம். இந்த மூன்றாவது குறி இல்லாத சீவலில் என்ன மண் என்று சொல்லலாம், எப்படி வனைந்தார்கள் என்று சொல்ல முடியாது. நல்ல சீவல்கள் பல, திசை தெரியாத ஒரே காரணத்தால் பெட்டிக்குள் பயனின்றிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: அறுக்கும்போதே ஓடு உதிர்கிறது

குறைந்த சூட்டில் வெந்த ஓடு இது. அதன் களிமண்ணில் ஒரு பகுதி இன்னும் களிமண்ணாகவே இருக்கிறது. தண்ணீர் ஊற்றி அறுத்தால் அது ஊறிப் பெருத்து உதிரும். அறுக்கும் வேகத்தைக் குறைப்பது தீர்வாகாது.

50 டிகிரி செல்சியஸ் அளவிலான மெல்லிய சூட்டில் ஓட்டை ஒரு நாள் முழுக்க உலர்த்துங்கள். பிறகு எபாக்ஸிப் பிசினில் மூழ்கவைத்து, காற்றை உறிஞ்சும் கலத்துக்குள் வையுங்கள். ஓட்டிலிருந்து குமிழிகள் கிளம்பி வரும். குமிழி நின்றபின் காற்றை மெல்ல உள்ளே விட்டால் அந்த அழுத்தமே பிசினைத் துளைகளுக்குள் தள்ளிவிடும். பிசின் இறுகிய பிறகு அறுங்கள். தண்ணீருக்குப் பதில் மண்ணெண்ணெய் பயன்படுத்துவது இன்னும் பாதுகாப்பு, ஆனால் சன்னல் திறந்திருக்க வேண்டும், அருகில் நெருப்பு கூடாது.

பிசினில் சிறிது நீலச் சாயம் கலந்துவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. பின்னால் துளை எது, மண் எது என்ற வாதமே எழாது.

அறிகுறி: படிகக்கல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தெரிகிறது

சீவல் தடித்துவிட்டது. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் நம் ஊர் ஓடுகளில் அநேகமாக எப்போதும் இருக்கும். குறுக்கு ஒளியில் அதன் நிறமே நமக்கு அளவுகோல். 30 மைக்ரானில் அது சாம்பலிலிருந்து வெண்மைக்குள் நிற்கும், அதிகம் போனால் வெண்மையில் ஒரு துளி மஞ்சள் சாயும். 40 மைக்ரானில் மஞ்சள் தெளிவாகும், 50ஐ நெருங்கும்போது ஆரஞ்சு ஆகிவிடும்.

ஒரு ஓரத்தில் மஞ்சள், மறு ஓரத்தில் சாம்பல் என்றால் தேய்க்கும்போது உங்கள் விரல் ஒரு பக்கமாக அழுத்தியிருக்கிறது. சில்லை அரைவட்டம் திருப்பி, தடித்த பக்கத்தில் மட்டும் எடை வைத்து, 600 எண் கார்போரண்டம் என்னும் தேய்ப்புத் தூளில் பத்துப் பத்துச் சுற்றாகத் தேய்த்துத் தேய்த்துப் பாருங்கள். படிகக்கல் எல்லாம் கருஞ்சாம்பலாகிவிட்டால் அளவுக்கு மீறி மெலிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய வழியில்லை, வேறு சீவல் எடுக்க வேண்டியதுதான்.

அறிகுறி: எங்கு பார்த்தாலும் துளைகள்

துளைகளில்தான் மண் பிசைந்த விதமும் உலர்த்திய விதமும் சேர்த்த பொருளும் எழுதியிருக்கின்றன. தவறாகப் படிக்கப்படுவதும் இவையே.

கச்சிதமான வட்டமாக இருந்தால் முதலில் ஓட்டுக்கு வெளியே, வெறும் பிசின் இருக்கும் ஓரத்தைப் பாருங்கள். அங்கேயும் அதே வட்டங்கள் இருந்தால் அவை பிசின் குமிழிகள். குவியத்தை ஏற்றி இறக்கினால் அவை வெவ்வேறு ஆழத்தில் மிதப்பது தெரியும்.

துளை கோணல்மாணலாக, ஒரு பரலின் அச்சு போலவே இருந்தால் தேய்க்கும்போது பரல் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. அப்படிப் போன இடத்தில் தேய்ப்புத் தூள் வந்து உட்கார்ந்துவிடும். கார்போரண்டம் மணிகள் கூரிய விளிம்போடு, சுற்றியுள்ள எதையும்விட எடுப்பாக, குறுக்கு ஒளியில் பளீரென்ற நிறங்களோடு நிற்கும். இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் அவற்றை ஏதோ அரிய கனிமம் என்று எண்ணி ஒரு ஓட்டுத் தொகுதி முழுவதற்கும் குறிப்பு எழுதியிருந்தேன். எல்லா மணிகளும் துளைகளுக்குள்ளே மட்டுமே இருந்தன, மண்ணுக்குள் ஒன்றுகூட இல்லை. அதைக் கவனித்தபோதுதான் உண்மை பிடிபட்டது. அந்தக் குறிப்புகள் அனைத்தையும் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஒவ்வொரு தூள் மாற்றத்துக்கும் இடையில் சில்லைத் தூரிகையால் கழுவுங்கள். இது சலிப்பான வேலைதான், தவிர்க்கவே கூடாத வேலை.

நம் கை காரணமில்லை என்று ஆனபின் மூன்று வகைத் துளைகள் மிஞ்சும். நீண்ட மெல்லிய பிளவுகள் சுவருக்கு இணையாக ஓடினால், மண் உலரும்போது சுருங்கியது. வடிவமற்ற சிறு பொள்ளல்கள் நிறைந்திருந்தால், மண்ணை மிதித்துப் பிசைந்தது போதவில்லை. மூன்றாவது வகைதான் மிகச் சுவையானது: நீண்ட துளை, சுற்றிலும் கருவளையம். உள்ளே ஒரு காலத்தில் வைக்கோலோ உமியோ இருந்தது. சூளையில் அது எரிந்து துளையாயிற்று, அதன் கரி சுற்றியுள்ள மண்ணில் ஏறிற்று. உமியாக இருந்தால் சில சமயம் அதன் மணல்சத்து (சிலிக்கா) எலும்புக்கூடு துளைக்குள்ளேயே நிற்கும். வளைந்த சுவரில் வரிசை வரிசையான சிறு மேடுகளைக் காண்பீர்கள். நெல் உமியை விரலில் உருட்டிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கிறதே, அந்தச் சொரசொரப்புத்தான் அது.

ஆனால் உடனே உமி கலந்தார்கள் என்று எழுதிவிட வேண்டாம். களத்துமேட்டுக்குப் பக்கத்தில் பிசைந்த மண்ணில் நாலு உமி தானாகவே விழும். சீவல் முழுக்கப் பரவி, ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் மட்டுமே வேண்டுமென்று கலந்தது.

அறிகுறி: குறுக்கு ஒளியில் மண் முழுக்கக் கருப்பு

இங்கே காரணங்கள் மூன்று, மூன்றுக்கும் தீர்வு வேறு.

சீவல் தடிப்பாக இருக்கலாம். படிகக்கல்லின் நிறத்தைப் பார்த்து இதை முதலில் தள்ளிவிடுங்கள்.

அடுத்தது கரி. காற்றுப் போதாமல் சுட்ட மண்ணில் கரி தங்கிவிடும், அது ஒளியை விடாது. ஒற்றை ஒளியிலும் கருப்பாகவே இருந்தால் கரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அறுத்தபின் மிஞ்சிய துண்டில் ஒரு சிறு சில்லை மின்சூளையில் நல்ல காற்றோட்டத்தோடு ஒரு மணி நேரம் சுடுங்கள். கருப்பு மறைந்து சிவந்தால் அது கரிதான்.

மூன்றாவது, மண் உருகத் தொடங்கியிருப்பது. குறைவாக வெந்த களிமண்ணைக் குறுக்கு ஒளியில் வைத்து நுண்ணோக்கியின் சுழல்மேடையைத் திருப்பினால், மண் இங்கொன்றும் அங்கொன்றுமாக மின்னி மின்னி அணையும். சூடு ஏறினால் களிமண்ணின் படிக அடுக்கு குலைந்து, இந்த மின்னல் நின்றுவிடும். பல களிமண்களில் 800 முதல் 850 டிகிரி வாக்கில் இது நடக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கணக்கு மாறும். ஒற்றை ஒளியில் மண் நல்ல சிவப்பாக இருந்து, குறுக்கு ஒளியில் மட்டும் சுழற்றினாலும் மின்னாமல் இருந்தால் இதுதான் காரணம்.

சூட்டை இதைவிட நெருக்கமாக அறிய வேண்டுமானால் ஒரே ஓட்டின் சிறு சில்லுகளை 600, 700, 800, 900, 1000 டிகிரிகளில் தனித்தனியே மறுபடி சுட்டுப் பாருங்கள். ஓடு முன்பே கண்ட சூடு வரை பெரிய மாற்றம் வராது. அதைத் தாண்டிய இடத்தில் நிறமும் இறுக்கமும் மாறத் தொடங்கும். பரல்களையும் சாட்சிக்கு அழைக்கலாம். பச்சை ஹார்ன்பிளெண்ட் என்னும் கனிமம் காற்றோட்டமான சூட்டில் செம்பழுப்பாக மாறும். அது பச்சையாகவே இருந்தால் அந்த ஓடு காற்றோட்டத்தில் நெடுநேரம் உயர்ந்த சூட்டைக் காணவில்லை.

கருப்பு-சிவப்பு ஓட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் போதாது. உட்புறமும் வாய்விளிம்பும் கருப்பு, வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பு. கவிழ்த்துவைத்துச் சுட்டதால் வந்த நிறம் என்பது பழைய விளக்கம். முதலில் சிவப்பாகச் சுட்டு, பிறகு கரியேற்ற இரண்டாம் முறை சுட்டார்கள் என்போரும் உண்டு. ஆகவே விளிம்பிலிருந்து கீழ்நோக்கி, இரண்டு நிறங்களும் சேரும் கோடு சீவலுக்குள் வருமாறு அறுங்கள். கருப்பு மேற்பரப்பில் அடர்த்தியாகத் தொடங்கி உள்ளே போகப் போக மங்கினால் கரி வெளியிலிருந்து ஏறியது. நடுவில் மட்டும் கருப்பு, இரண்டு மேற்பரப்பும் சிவப்பு என்றால் மண்ணில் முன்பே இருந்த கரி எரிந்து தீரவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் கருமை என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு எதுவும் விளங்காது.

கீழடி ஓடுகளின் கருப்புப் பூச்சுக்குள் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை 2020ல் ஓர் ஆய்வுக் கட்டுரை காட்டியது. அது மின்னணு நுண்ணோக்கியின் எல்லைக்குள் வரும் செய்தி. நம் கண்ணாடி நுண்ணோக்கியில் அது தெரியாது, தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அறிகுறி: நன்றாக வெந்த ஓட்டில் சுண்ணாம்பு தெரிகிறது

கால்சைட் எனும் சுண்ணாம்புக் கனிமம் 650 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். 900ஐ நெருங்கும்போது அநேகமாக மிஞ்சாது. கீழடி பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019ல் வெளியிட்ட அறிக்கை, கருப்பு-சிவப்புக் கலங்களுக்குச் சூளையை 1,100 டிகிரி வரை சூடேற்றியிருப்பதாகச் சொல்கிறது. அத்தகைய ஓட்டில் சுண்ணாம்பு தெரிந்தால் ஒருவர் திகைப்பது இயல்பு.

இங்கே குற்றவாளி பெரும்பாலும் நிலம். மதுரை, திருப்புவனம் பக்கத்து மண்ணில் சுக்கான்கல் என்னும் சுண்ணாம்புக் கட்டி எங்கும் உண்டு. கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் எத்தனை அடியில் சுக்கான் வந்தது என்று சொல்வார்கள். நிலத்தடி நீரில் கரைந்த சுண்ணாம்பு ஓட்டின் துளைகளுக்குள் புகுந்து படிந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. படிந்த சுண்ணாம்பு துளையின் சுவரை ஒட்டி வரியாக நிற்கும், ஓடு உடைந்தபின் வந்த விரிசலுக்குள்ளும் போயிருக்கும். குயவரின் மண்ணில் இருந்த சுண்ணாம்பு தனித்தனிப் பரலாக மண்ணுக்குள் பதிந்திருக்கும். அதிகச் சூடு கண்டிருந்தால் அதன் விளிம்பு மங்கி, சுற்றிலும் ஒரு வளையமோ, பரல் இருந்த இடத்தில் வெறும் குழியோ இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சூளையில் சிதைந்து நீறிய சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தையும் கரிக்காற்றையும் (கார்பன் டை ஆக்சைடு) வாங்கி மறுபடி கால்சைட்டாகிவிடும். மாவு போல் நுணுகிய கால்சைட் கண்ணில் பட்டால், சூடு காணாத சுண்ணாம்பு என்று சொல்லத் துணியாதீர்கள்.

குயவர்களுக்கு இது சுட்டபின் வரும் துன்பம். சூளையிலிருந்து முழுதாக வந்த பானை சில நாளில் பொட்டுப் பொட்டாகச் செதில் கழன்று விழும். உள்ளே நீறிய சுக்கான் பருத்துத் தள்ளுவதுதான் காரணம். அதனால் மண்ணை அரித்துச் சுக்கானைப் பொறுக்கி எறிவார்கள். ஒரு சீவலில் சுக்கான் பரலே இல்லையென்றால் அதையும் எழுதி வையுங்கள். சுக்கான் நிறைந்த வட்டாரத்தில் அது இல்லாமல் இருப்பது ஒருவருடைய உழைப்பு.

அறிகுறி: பரலுக்குள் பரல், பழைய ஓட்டுப்பொடியா களிமண் உருண்டையா?

உடைந்த பானையை இடித்துப் புதுமண்ணில் கலப்பது உலகெங்கும் இருந்த வழக்கம். அந்த ஓட்டுப்பொடி கூர்முனையோடு இருக்கும், தனக்கென்று பரல்கள் வைத்திருக்கும், அதன் உள்வரிகள் சுற்றியுள்ள மண்ணின் வரிகளுக்கு ஒத்துப் போகாது. சரியாகக் கரையாத களிமண் கட்டி உருண்டையாக இருக்கும், விளிம்பு மண்ணோடு கலந்து மங்கும். இரண்டைச் சுற்றியும் சுருக்கப் பிளவு வரலாம், ஆகையால் பிளவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு சீவலில் ஒன்றே ஒன்று கிடைத்தால் ஐயத்துக்குரியது என்று குறித்துவிட்டு நகருங்கள்.

அறிகுறி: வெளியே சக்கரத்தின் வரிகள், உள்ளே வேறு கதை

என் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, நானும் அதிக நாள் செலவிட்ட இடம்.

ஓட்டின் வெளிப்புறத்தில் இணைகோடுகள் ஓடும். சக்கரத்தில் வனைந்தது என்று எழுதத் தோன்றும். அந்தக் கோடுகள் சக்கரம் சுற்றும்போது விரல் பட்டதைச் சொல்லுமே தவிர, பானையின் உடல் சக்கரத்தில்தான் எழும்பியது என்று சொல்லாது. மண்திரியைச் சுருள் சுருளாக அடுக்கி உருவாக்கி, கடைசியில் சக்கரத்தில் ஏற்றி மெழுகினாலும் அதே கோடுகள் வரும்.

உள்ளே பார்க்க இரண்டு சீவல்கள் வேண்டும். ஒன்று சுவரை மேலிருந்து கீழாக நறுக்குவது, இன்னொன்று சுவரின் தளத்துக்கு இணையாகத் தோல் உரிப்பது போல எடுப்பது. காக்காப்பொன் (மைக்கா) செதில்களையும் நீண்ட துளைகளையும் தேடுங்கள். அவை தட்டையாக இருப்பதால், மண் எந்தப் பக்கம் தள்ளப்பட்டதோ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும். சக்கரத்தில் எழுப்பிய சுவரில் முதல் சீவல் அவற்றைச் சுவருக்கு இணையாகக் காட்டும், இரண்டாவது சீவலில் அவை சாய்ந்து மேலேறும். சுருள் அடுக்கியதில் முதல் சீவலில் அவை வட்டமாகச் சுழித்திருக்கும், சுருளும் சுருளும் சேர்ந்த இடத்தில் சாய்வாக ஒரு பொருத்துக்கோடு தெரியும். பலகையால் தட்டிய சுவரில் எல்லாம் சுவருக்கு இணையாக இறுகிப் படுத்திருக்கும். ஆனால் தோல் உரித்த சீவலில் ஒரு திசையும் இராது. பெரிய பரல்களைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் கிளம்பியிருக்கும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒரு சமயம் நான் சிக்கிக்கொண்டேன். ஒரே பானையின் இரண்டு ஓடுகள். கழுத்து ஓடு சக்கரம் என்றது. வயிற்று ஓடு தட்டுப்பலகை என்றது. ஓடுகள் கலந்துவிட்டன என்று சந்தேகித்து மறுபடி ஒட்டிப் பார்த்தேன். பொருந்தின.

விடை மானாமதுரையில் கிடைத்தது. வைகைக் கரையில் கடமும் பானையும் வனைந்து பெயர்பெற்ற ஊர், அதன் மண்பாண்டத்துக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஒரு முதியவர் வனைவதைத் திண்ணையில் உட்கார்ந்து காலை முழுக்கப் பார்த்தேன். சக்கரத்தில் கழுத்தும் தோளும் எழும்பின. சுவர் தடிப்பாகவே இருந்தது. கீழே அடி இல்லை, திறந்தே கிடந்தது. நூலால் அறுத்து நிழலில் வைத்தார். அரைகுறையாக உலர்ந்ததும் மடியில் எடுத்துவைத்து, உள்ளே ஒரு வழவழத்த கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டத் தொடங்கினார். ஒரு தட்டுக்கு ஒரு நகர்வு. தடித்த சுவர் மெலிந்து கீழே இறங்கியது, திறந்த வாய் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் மூடிக்கொண்டது.

என் சீவலின் படத்தைக் காட்டி, “ஐயா, இது உங்களுக்குத் தெரிகிறதா?” என்று கேட்டேன். காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். விரிசல் நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்து, “இந்த இடத்தில் கொஞ்சம் பெரிய மணல் கிடந்திருக்கிறது தம்பி, தட்டு விழுந்ததும் தாங்கவில்லை” என்றார். பிறகு கேட்டார்: “மண்ணை அரிக்காமல் தட்டினாரா?”

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய ஒருவரைப் பற்றி அவர் அப்படிக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நான் வாரக்கணக்கில் பார்த்திருந்த படத்தில் கேட்கவே தோன்றாத கேள்வி அது.

ஆகவே இந்த அறிகுறிக்கு மருந்து: ஒரு பானையில் ஒரு சீவலோடு நிறுத்தாதீர்கள். விளிம்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று, அடியில் ஒன்று, ஒவ்வொன்றும் இரண்டு திசைகளில். அத்தனை அறுக்க அனுமதி இல்லையென்றால் முடிவை அந்த ஓட்டுக்கு மட்டும் எழுதுங்கள், பானைக்கு எழுதாதீர்கள். முதுமக்கள் தாழி என்றால் சீவலை மட்டும் நம்பவே முடியாது. அத்தனை பெரிய உடலில் பொருத்துக்கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், கைவிரலகலச் சில்லில் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். முதலில் எக்ஸ்ரே படம் எடுத்துக் கோடு எங்கே என்று பார்த்து, அந்த இடத்தில் அறுப்பதே முறை.

ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் சொந்தமாகப் பத்து மாதிரிகளாவது இருக்க வேண்டும். ஒரே மண்ணில் சக்கரம், சுருள், தட்டு என்று வனைந்து வாங்கி, சுட்டு, சீவல் எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வனைந்து தருபவருக்கு உரிய கூலி கொடுங்கள். ஆய்வுக் கட்டுரையில் அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் போடுங்கள்.

அறிகுறி: மேற்பூச்சு இருக்கிறதா இல்லையா தெரியவில்லை

தேய்க்கும்போது ஓட்டின் ஓரம்தான் முதலில் கரையும். பூச்சோ ஒரு பரலின் அகலம்கூட இல்லாதது. அறுப்பதற்கு முன்பே மேற்பரப்பின் மேல் பிசினைத் தடவி இறுகவிட்டால் ஓரம் தப்பும். செங்காவிப் பூச்சானால் தனி அடுக்காக, பரலின்றி, கீழே உள்ள மண்ணோடு கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்கும். ஈரக்கையால் மெழுகியதானால் நுண்மண் மேலே வந்திருக்கும், ஆனால் பிரிகோடு இராது. கூழாங்கல்லால் தேய்த்து மெருகிட்டதில் செதில்கள் எல்லாம் மேற்பரப்புக்கு இணையாகப் படிந்திருக்கும்.

அறிகுறி: உள்ளூர் ஓடா வெளியூர் ஓடா சொல்ல முடியவில்லை

மதுரையைச் சுற்றியுள்ள பாறை சார்னோகைட்டும் நைஸும் கிரானைட்டும். வருசநாட்டு மலையிலிருந்து இறங்கும் வைகை இவற்றை உடைத்துக் கொண்டுவருகிறது. எனவே உள்ளூர் ஓட்டில் படிகக்கல், ஃபெல்ஸ்பார், காக்காப்பொன், ஹார்ன்பிளெண்ட், இளஞ்சிவப்பும் பச்சையுமாக நிறம் மாறும் ஹைப்பர்ஸ்தீன், இடையிடையே கார்னெட் ஆகிய கனிமங்களை எதிர்பார்க்கலாம். புத்தகத்தை நம்பி நிற்காமல் ஆற்றுக்குப் போய் நீங்களே மணல் அள்ளி வாருங்கள். லாரி மணல் கொட்டிய இடம், பாலம் கட்டிய இடம், கரை சீரமைத்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, தோண்டிய குழியின் பழைய படிவிலிருந்து எடுத்தால் நல்லது. அந்த மணலையும் பிசினில் கட்டிச் சீவல் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

கீழடிக்கும் மணலூருக்கும் அகரத்துக்கும் ஒரே ஆறு, ஒரே பாறை. சீவலை மட்டும் வைத்து இந்த ஊர் ஓடு, அந்த ஊர் ஓடு என்று பிரிக்க முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும். அதற்கு வேதியியல் பகுப்பாய்வு வேண்டும். எரிமலைப் பொருள் தெரிந்தால் நிலைமை வேறு. இந்த வட்டாரத்தில் எரிமலைக் கண்ணாடியும் அத்தகைய கரும்பரல்களும் வர இயற்கையான வழியில்லை. இத்தாலியின் நேப்பிள்ஸ் விரிகுடாப் பக்கத்தில் செய்த மதுச்சாடிகளில் எரிமலைக் கருமணல் இருக்கும், அவை தமிழகத் துறைமுகங்கள் வரை வந்திருக்கின்றன. அப்படி ஒன்றைக் கண்டால் குதிப்பதற்கு முன் சீவல் எண்ணைச் சரிபாருங்கள், வேறு பெட்டிச் சில்லு இடம் மாறியிருக்கலாம். எண் சரியென்றால் அன்று மாலை வீட்டுக்குத் தாமதமாகப் போகலாம்.

அறிகுறி: இரண்டு பேர் எண்ணினால் இரண்டு விடை

பரல் எத்தனை விழுக்காடு என்று கண்மதிப்பாகச் சொன்னால் ஒருவருக்கு 15, இன்னொருவருக்கு 30 வரும். சில்லைச் சம இடைவெளியில் நகர்த்தி, குறுக்குக்கம்பிக்குக் கீழே வருவது பரலா, மண்ணா, துளையா என்று 300 புள்ளிகளாவது எண்ணுங்கள். இடைவெளி, சீவலிலுள்ள மிகப்பெரிய பரலைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது, இருந்தால் ஒரே பரலை இரண்டு முறை எண்ணுவீர்கள். எண்ணும்போது பேசாதீர்கள். எண்ணி முடித்த தாளில் நாள், சில்லு எண், எண்ணியவர் பெயர் மூன்றையும் எழுதி, அறுத்தபின் மிஞ்சிய ஓட்டுத் துண்டோடு ஒரே உறையில் போட்டுவையுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் உங்கள் கையையும் சந்தேகிக்க வேண்டியிருக்கும், அவருக்கு அந்தத் துண்டு தேவைப்படும்.